பூசையில் அந்தப் பெயர்களையும் வாசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக ஞாயிறு பூசையில் ஒரு மன்றாட்டுச் சொல்லலாமே என்று எங்கள் அன்பியக் கூட்டத்தில், அதாவது பங்கின் அயல்வீட்டுக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் இடத்தில், கேட்டேன். "கோயிலுக்குள்ள அரசியல் வேண்டாம் டீச்சர்" என்று ஒரு பெரியவர் மறித்தார். நல்ல மனிதர், வம்புக்குச் சொல்லவில்லை. இங்கே பலருடைய மனதிலும் இதே எண்ணம் இருப்பதால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோரில் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ தமது ஞாயிறு பிரசங்கத்தில், அந்தக் கிழமை கொல்லப்பட்டவர்களையும் பிடித்துச் செல்லப்பட்டவர்களையும் பெயர் சொல்லி வாசிப்பார். மறைமாவட்ட வானொலி அதை ஒலிபரப்பும். பிள்ளையைத் தேடி அலைந்த தாய்மாருக்கு, தங்கள் பிள்ளையின் பெயரை ஊர் அறியச் சொல்ல அந்த ஒரு குரல்தான் இருந்தது. இராணுவம் செய்ததைச் சொன்னார், கெரில்லாக்கள் செய்ததையும் கண்டித்தார். 1980 மார்ச் 24இல் பூசை செய்துகொண்டிருந்தபோதே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அரசியல் பேசுகிறார் என்று திருச்சபைக்குள்ளேயே அவரைக் குறை சொன்னவர்கள் இருந்தார்கள். 2018இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. மொனராகலை மாவட்டத்துப் புத்தலவில் சிங்களக் கிராமத்து ஏழைகளோடு வாழ்ந்த மைக்கல் ரொட்ரிகோ அடிகளாரை 1987 நவம்பர் 10இல் பூசை வேளையில் சுட்டுக் கொன்றார்கள். இங்கே கிழக்கில் யூஜின் ஹீபர்ட் அடிகளார். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஓகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். அவரும் கூடப் போன தமிழ் இளைஞரும் வந்து சேரவில்லை. நான் போகும் கோயிலில் அந்தத் திருநாளைப் பாட்டும் பூவுமாக நன்றாகவே கொண்டாடுகிறோம், ஆனால் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தாய். சைவம். கோணேசர் கோயிலுக்கும் போவார், செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தவும் வருவார். 2007இல் அவருடைய மகனை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லமினேட் பண்ணிய படம் எப்போதும் கைப்பையில் இருக்கும். ஓரம் பிரிந்து ஈரம் ஏறி, பொடியனின் சேட்டுக் கொலர் வரை மஞ்சள் பூத்துவிட்டது. மகனுக்காக ஒரு பூசை கொடுக்க வேண்டும் என்று கேட்டார், கூட்டிக்கொண்டு போனேன். பூசைக் கருத்து எழுதும் கொப்பியில் இரண்டே பகுதிகள்: இறந்த ஆன்மாக்கள் ஒன்று, நன்றியும் சுகமும் மற்றது. "செத்த ஆக்களோட எழுத வேண்டாம், அவன் சாகேல்ல" என்று அவர் சொல்ல, எழுதிக்கொண்டிருந்த பிள்ளை பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தது. கடைசியில் 'சுகம்' என்ற பகுதியில் எழுதினோம். அந்தக் கொப்பியில் மூன்றாவதாக ஒரு பகுதி வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

பெருவின் குஸ்தாவோ குத்தியேரஸ் அடிகளார் ஏழைகளின் விடுதலையை வேதத்தின் நடுவில் வைத்துப் பார்க்கும் விடுதலை இறையியலை 1971இல் நூலாக எழுதியபோது, அதற்கான விதை ஏழைகள் கூடியிருந்து வேதம் வாசித்த சின்னச் சின்னக் கூட்டங்களில் ஏற்கெனவே விழுந்திருந்தது. எங்கள் காணி ஏன் போனது, பிள்ளையை யார் கொண்டு போனார்கள் என்ற கேள்விகளோடுதான் அவர்கள் வேதத்தைத் திறந்தார்கள். எங்கள் அன்பியங்களும் அதே வகைக் கூட்டங்கள்தான். ஆனால் செபமாலை முடிய தேத்தண்ணி, அடுத்த முறை யார் வீடு என்ற பேச்சு, அத்தோடு எழும்பிவிடுகிறோம். செபமாலையை நான் குறை சொல்லவில்லை, தினமும் சொல்பவள் நான். அந்தத் தாயின் கேள்விக்கும் அங்கே அரை மணித்தியாலம் இருக்கட்டும் என்கிறேன்.

அரசியல் என்று மறித்த பெரியவருக்கு என் பதில் தொடக்க நூலின் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. "உன் சகோதரன் ஆபேல் எங்கே?" என்று காயினிடம் கேட்டவர் கடவுள். காணாமல் போன ஒருவரைப் பெயர் சொல்லித் தேடியதில் அவர்தான் முதல் ஆள். தெரியாது, நான் என்ன அவனுக்குக் காவலாளியா என்று காயின் சொன்ன மறுமொழியை நாங்கள் சொல்லக்கூடாது.

ஓகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினம். அதற்கு அடுத்து வரும் ஞாயிறு, எங்கள் மறைமாவட்டக் கோயில்கள் எல்லாவற்றிலும் விசுவாசிகள் மன்றாட்டில் அந்தந்தப் பங்கின் பெயர்களை வாசிக்கலாம். குடும்பங்கள் சம்மதித்துத் தரும் பெயர்கள் மட்டும் போதும். சைவர், முஸ்லிம், சிங்களவர் என்று பிரிக்க வேண்டாம். இராணுவம் கொண்டுபோன பிள்ளை, இயக்கம் கொண்டுபோன பிள்ளை என்றும் பிரிக்க வேண்டாம். பட்டியல் நீண்டால் பிரசங்கத்தைச் சுருக்கலாம், சனம் கோபிக்காது. பெயர்களைச் சேர்த்து எழுத ஆள் தேவையென்றால் நான் வருகிறேன், என்னோடு படிப்பித்த இரண்டு பேரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.