கூட நிண்டவன் கேக்கோணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிட்டிஷ் கடற்படையின்ர ரோயல் மரீன்ஸ் படை தொடங்கின 'ட்ரிம்' எண்ட முறையில, கூட்டாளி செத்தது மாதிரி ஏதும் நடந்தா, ட்ரெய்னிங் எடுத்த சக சிப்பாய் ஒராள் மூண்டு நாள் கழிச்சு பாதிக்கப்பட்டவரோட இருந்து கதைப்பார், நித்திரை வருதா, குடி கூடிட்டுதா, தன்னில பழி போடுறாரா எண்டு பாப்பார், ஒரு மாசத்தால திரும்பவும் பாப்பார், தேவையெண்டா டொக்டரிட்ட அனுப்புவார். டொக்டரிட்ட வாய் திறக்காதவன் கூட நிண்டவனிட்ட சொல்லுவான்.

திருகோணமலையில நேவிக்காரருக்கு மட்டுமில்ல, 2004 சுனாமியில சடலம் தூக்கின மீன்பிடி ஆக்களுக்கும் இது வேணும். எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணா இப்பவும் ஐஸ் பெட்டி திறக்கேக்க முகத்தத் திருப்புவார், ஏனெண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. மீனவர் சங்கங்களில நாலு பேருக்காவது இந்த ட்ரெய்னிங் குடுக்கோணும். மனநல உதவிக்கு 1926 எண்ட போன் நம்பரையும் கரையில தமிழில எழுதிப் போடுங்கோ.

வாசகர், திருகோணமலை