பாராளுமன்றம் கேட்டது வாசிக்க நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நேற்றைய பத்திரிகையின் முதல் பக்கத்தில், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதற்கான பிரெக்சிற் ஒப்பந்தத்தைப் பாராளுமன்றம் மீண்டும் நிராகரித்துவிட்டது என்று போட்டிருந்தீர்கள். அது பிழை. 2019 ஒக்டோபர் 22, செவ்வாய் மாலை, அந்த ஒப்பந்தத்தைச் சட்டமாக்கும் பிரதமர் பொரிஸ் ஜோன்சனின் விலகல் சட்டமூலம், கொள்கையளவில் ஏற்பதா என்று பார்க்கும் இரண்டாம் வாசிப்பில் 329க்கு 299 என்று வென்றது. தோற்றது அடுத்து வந்த வாக்கெடுப்பு. அந்தச் சட்டமூலத்தை மூன்றே நாளில் விவாதித்து முடிக்க வேண்டும் என்ற கால அட்டவணை, 308க்கு 322 என்று விழுந்தது. "வேண்டாம்" என்பது வேறு, "வாசிக்க நேரம் தாருங்கள்" என்பது வேறு அல்லவா?

நான் லண்டன் ஹரோவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது டச்சுக் கடவுச்சீட்டு. நெதர்லாந்துக்கு அகதியாக வந்து, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்தவர்களில் நானும் ஒருவன். விலகுவதா என்று கேட்ட 2016 ஜூன் 23 சர்வசன வாக்கெடுப்பில் எனக்கு வாக்கு இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் என் மச்சானுக்கு இருந்தது! அவர் பொதுநலவாய நாட்டுப் பிரஜை, நான் ஐரோப்பியன். இந்த விசித்திரத்தைச் சொல்லி அவர் இன்றைக்கும் என்னைப் பகிடி பண்ணுவார். நான் பிரிட்டன் விலகக் கூடாது என்ற பக்கம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல.

2011இல் இந்தக் கடையை எடுத்தபோது குத்தகைப் பத்திரம் நாற்பது பக்கத்துக்குக் கிட்ட இருந்தது. எனக்கோ அவசரம். குளிரூட்டிப் பெட்டிகளுக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது, தைப்பொங்கலுக்கு முன் திறக்க வேண்டும். என் சட்டத்தரணி ஆறு வாரம் அசையவில்லை. தொலைபேசியில் அவரோடு சத்தம் போட்டிருக்கிறேன், இரண்டு தரம். கடைசியில் அவர் கூப்பிட்டு ஒரு பந்தியில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். கட்டடம் முழுவதன் கூரையையும் நான்தான் திருத்த வேண்டும் என்று அதில் இருந்தது. மேலே மூன்று வீடுகள். அவற்றில் ஒழுகினாலும் என் தலையில்தான். அந்தப் பந்தியை எடுத்த பிறகுதான் கையொப்பம் வைத்தேன்.

ஒரு கடைக்கு ஆறு வாரம். ஒரு நாட்டின் சட்டமூலம் 110 பக்கம், அதற்கு மூன்று நாள்!

அதற்குள் கூரைப் பந்திகள் இல்லையா? திங்கட்கிழமை பிரெக்சிற் அமைச்சர் ஸ்டீபன் பார்க்லே மேலவையான பிரபுக்கள் சபையின் குழு ஒன்றில் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான், வட அயர்லாந்திலிருந்து பிரிட்டனின் மற்றப் பகுதிகளுக்குச் சாமான் அனுப்புபவர்கள் ஏற்றுமதி அறிவிப்புப் பத்திரம் நிரப்ப வேண்டிவரும் என்பது வெளியே வந்தது. ஒரே நாட்டுக்குள் பெட்டி அனுப்பக் கடதாசி வேலை! வாரம் இரண்டு லொறி பார்ப்பவனுக்குத்தான் அதன் பாரம் தெரியும். உட்கார்ந்து கேட்டதால் வந்த பதில் அது.

இழுபறி இல்லை என்று நான் சொல்லவில்லை. முந்தைய பிரதமர் தெரேசா மேயின் ஒப்பந்தம் இந்த வருடம் ஜனவரியில் 230 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது, மார்ச்சில் 149, பிறகு 58. மார்ச் 27 அன்று அதற்கு மாற்றாக எட்டு வழிகளை வைத்துப் பார்த்தார்கள், ஒன்றுக்கும் பெரும்பான்மை இல்லை. ஏப்ரல் 1 அன்று சுங்க ஒன்றியம் என்ற யோசனை மூன்றே வாக்கில் போனது. விலகும் நாளை ஒத்திவைக்கக் கேட்கும்படி மேயைக் கட்டாயப்படுத்திய சட்டமூலம் ஏப்ரல் 3 அன்று 313க்கு 312 என்று வென்றது. அதே நாள் இன்னொரு திருத்தப் பிரேரணை 310க்கு 310 என்று சமமாக நிற்க, சபாநாயகர் பேர்கோ எதிராகத் தன் வாக்கைப் போட்டு முடித்தார். 2016இல் மக்களிடம் "விலகுவதா?" என்றுதான் கேட்டார்கள், "விலகி எங்கே போவது?" என்று கேட்கவில்லை. அந்த இரண்டாவது கேள்வியோடுதான் பாராளுமன்ற உறுப்பினர் 650 பேரும் மல்லுக்கட்டுகிறார்கள்.

உங்கள் பத்திரிகை கிண்டல் செய்த, ஜோன்சன் நேரம் கேட்டு எழுதிய கடிதமும் அப்படித்தான். சனிக்கிழமை இரவு ஜோன்சன் ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய பேரவையின் தலைவர் டொனால்ட் டஸ்க்குக்குக் கால நீடிப்புக் கேட்டுக் கையொப்பமில்லாத கடிதம் ஒன்றை அனுப்பி, கூடவே "நீடிப்பது தவறு" என்று கையொப்பமிட்ட இன்னொன்றையும் அனுப்பினார். என் கடையில் கையொப்பமில்லாத காசோலை தந்தால் வாங்க மாட்டேன். டஸ்க் வாங்கிக்கொண்டார். பாராளுமன்றம் போட்ட சட்டம் நீடிப்புக் கேட்கச் சொன்னது, கேட்டாகிவிட்டது. நேற்று அதே ஜோன்சன், டிசம்பர் 12 தேர்தலுக்குச் சம்மதித்தால் சட்டமூலத்தை நவம்பர் 6 வரை விவாதிக்கலாம் என்கிறார். அப்போ நேரம் இருந்திருக்கிறது!

தள்ளிப்போவதில் எனக்கும் நட்டம்தான். வெங்காயம் ஹொலண்டிலிருந்து வருகிறது. முதலில் விலகும் நாள் என்றிருந்த மார்ச் 29க்கு முன் முப்பது மூட்டை கூடுதலாக இறக்கினேன். பின்பக்க அறையில் முளைவிட்டுப் பாதி குப்பைக்குப் போனது. அடுத்த தவணையான ஏப்ரல் 12க்கு இறக்கவில்லை. இப்போதைய தவணையான ஒக்டோபர் 31க்கு என்ன செய்வது என்று ரொட்டர்டாமில் இருக்கும் மொத்த வியாபாரி இரவில் கூப்பிட்டுக் கேட்கிறார். கடைக்கு முன் பஸ் தரிப்பிடத்தில் "ஒக்டோபர் 31க்கு ஆயத்தமாகுங்கள்" என்று அரசாங்க விளம்பரம். பிரஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியம் எத்தனை நாள் நீடிப்புத் தரும் என்று இதை எழுதும்வரை தெரியவில்லை. ஞாயிறு தீபாவளி என்பதால் இந்த வாரம் எள்ளெண்ணெயும் சீனியும் போகிற வேகத்தில் வெங்காயத்தை யோசிக்க நேரமில்லை. தந்தால் மூன்று மாதமாவது தரட்டும். இரண்டு வாரம் தந்தால் மறுபடி இதே கூத்துத்தான்.

திருத்தத்தைச் சின்னதாகவாவது போடுங்கள். உங்கள் பத்திரிகை என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நேற்றிலிருந்து அதைத் தட்டிக் காட்டி, "பார் அண்ணை, திரும்பவும் தோற்கடிச்சிட்டாங்கள்" என்று சொன்னவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் தனித்தனியாக விளக்கி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இப்படிக்கு,
கடைக்காரர் ஒருவர்,
ஹரோ, லண்டன்
25 ஒக்டோபர் 2019