வண்டியிலேயே ஒரு பிரேக்மேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொழுதுபோக்குப் பூங்காக்கள் பற்றிப் போன ஞாயிறு வந்த கட்டுரையில், டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இருக்கும் டிவோலிதான் உலகிலேயே பழையது என்று போட்டிருந்தீர்கள். டிவோலி திறந்தது 1843 ஆகஸ்ட் 15. (தேதி நமக்கு மறக்காது.) அதைவிட மூத்தது அந்த ஊருக்கு வடக்கே, மான்கள் மேயும் காட்டுக்குள் இருக்கும் பாக்கன். 1583-இல் அங்கே ஓர் ஊற்று தென்பட்டதாம். தண்ணீர் நோய் தீர்க்கும் என்று ஜனம் திரண்டது. கூட்டத்தை நம்பிக் கடைக்காரர்களும் வித்தை காட்டுபவர்களும் வந்து சேர்ந்தார்கள். நம் சமயபுரம் தேர்க் கடைகள், தேர் நிலைக்கு வந்த பிறகும் மூட்டை கட்டாமல் நானூறு வருடம் இருந்துவிட்ட மாதிரி. இன்றைக்கும் உள்ளே போகக் காசு வாங்குவதில்லை.

மகள் அங்கே வேலையில் இருப்பதால் போன கோடையில் இரண்டையும் பார்த்தேன். டிவோலியில் நுழைவுச்சீட்டே தனி. ரூபாயில் கணக்குப் போடாதீர்கள் அப்பா என்றாள். போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஊரின் பழைய கோட்டை அகழியில் மிச்சமிருந்த தண்ணீர்தான் அங்கே ஏரி. 1874-இல் கட்டிய ஊமைக்கூத்து மேடை ஒன்று உண்டு. திரை மயில் தோகையாக விரிந்து மடங்கும். பேச்சே இல்லாத கூத்து என்பதால், டேனிஷ் மொழி தெரியாத நானும் மற்றவர்களோடு சேர்ந்து சரியான இடத்தில் சிரித்தேன்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது 1914-இல் வந்த மர ரோலர் கோஸ்டர். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்திரண்டு வருடம் வேக்குவம் பிரேக்கோடு மல்லுக்கட்டியவன் நான். அந்த வண்டியில் பயணிகளோடு பிரேக்மேன் ஒருவர் உட்கார்ந்து வருகிறார்! சரிவில் எவ்வளவு விடுவது, எங்கே பிடிப்பது என்பதெல்லாம் அவர் கையில்தான். அதிகம் பிடித்தால் அடுத்த மேட்டில் வண்டி ஏறாது. விட்டால் வளைவில் நம் விலா எலும்பு பதில் சொல்லும். ஆள் நிறைந்த வண்டிக்கு ஒரு பிடி, காலி வண்டிக்கு வேறு பிடி. முதல் தடவை நான் வெளியே எதையும் பார்க்கவில்லை, அவர் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் இறங்கிய மறுகணம் பிரேக் கட்டைகள் கிறீச்சிட்டன. அப்புறம் மகள் தலையில் அடித்துக்கொள்ள, இன்னொரு தடவையும் ஏறினேன்.

பாக்கனிலும் 1932-இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. அதில் பிரேக்மேனை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் தானியங்கி. அதிலும் போனேன். சரியான இடத்தில் நின்றது, இறங்கி வந்துவிட்டேன்.

வயதில் மூத்தது பாக்கன்தான், 1583. அதை மட்டும் திருத்திப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிட்டர்,
பொன்மலை, திருச்சி.