பெண்கள் ஐக்கிய சங்கம்: ஆண்டறிக்கை

ஆயர் அவர்களுக்கும் தலைவி அவர்களுக்கும் சங்கத்துச் சகோதரிகளுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

மாதக் கூட்டம், வீட்டு ஜெபம், கைப்பிடி அரிசிக் காணிக்கை எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கர்த்தருக்குள் நித்திரையடைந்த நம் மூத்த உறுப்பினர் பாட்டியம்மாவின் நினைவு மலரே இவ்வாண்டின் பெரிய வேலை. நாளை வேறு வீட்டுக்கும் உதவும் என்பதால் அதை விரிவாக எழுதுகிறேன்.

பிறந்த தேதியிலேயே சிக்கல் வந்தது. குடும்ப வேதாகமத்தின் முன்தாளில் மலையாள ஆண்டுக் கணக்கில் ‘கொல்லம் 1107 ஐப்பசி’ என்றிருந்தது. பேரப்பிள்ளைகள் 825ஐக் கூட்டி 1932 என்று அறிவிப்பில் போட்டுவிட்டார்கள். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி தொடங்கி டிசம்பர் முடியும்வரை 824ஐயும், ஜனவரியிலிருந்து 825ஐயும் கூட்ட வேண்டும். ஆகவே 1931தான் சரி. பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். சேர்க்கும் வயதுக்கேற்பப் போட்ட தேதியாக இருக்கலாம். ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயரையும் ஒத்துப் பாருங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள்.

அடுத்தது வாழ்க்கைக் குறிப்பு. வீட்டார் தந்த முதல் படியில் ‘ஜெபவீராங்கனை’, ‘குணசாலியான ஸ்திரீ’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நீதிமொழிகள் 31ஐ வைத்து எந்தப் பாட்டியையும் எழுதிவிடலாம், பெயரை மாற்றினால் போதும். வேதாகமத்தில் வரும் தொற்காள் இறந்தபோது விதவைகள் அவளைப் புகழ்ந்து பேசியதாக அப்போஸ்தலர் 9இல் இல்லை. அவள் செய்த அங்கிகளைப் பேதுருவுக்குக் காட்டினார்கள். நாங்களும் அதையே செய்தோம். மேடையில் பேசியவர் மகன், விவரம் தெரிந்தவர் மருமகள். அவரிடம் கேட்டபிறகுதான் ரேந்தை (லேஸ்) பின்னிய விஷயம் முழுதாக வந்தது.

நாகர்கோவிலில் மிஷனெரி மால்ட் அம்மையார் 1820களில் தொடங்கிவைத்த ரேந்தைத் தொழிலைப் பாட்டியம்மா கடைசிவரை விடவில்லை. துளையிட்ட அட்டையைத் திண்டில் குத்தி, இரண்டு சோடி நூற்கட்டைகளைக் குறுக்கே மாற்றி முறுக்கப் பழக்குவார். இரும்பு ஊசி கடற்காற்றில் துருப்பிடித்து நூலில் கறை விடும். அதனால் பித்தளை ஊசி தவிர வேறெதையும் தொட விடமாட்டார். கட்டையை ஒரே இழுப்பில் பிடிக்காவிட்டால் ஓரம் சுருங்கும்; அப்படிச் சுருங்கியதைப் பிரிக்கச் சொல்வார், பிரிக்கும்போதே சங்கீதம் ஒப்பிக்கச் சொல்வார். பிள்ளைகளுக்கு இரண்டும் வந்தன.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிப்போன பழைய படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு வைத்தே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யலாம். கிழிந்த வேதாகமத் தாளுக்கு செலோடேப் வேண்டாம். சில வருடங்களில் மஞ்சளாகி எழுத்தையும் கெடுக்கும்.

கல்லறைக் கல் இன்னும் வெட்டப்படவில்லை. வாசகத்தை வேர்டு கோப்பாக அனுப்பினால் கல் வெட்டுபவரின் கணினியில் எழுத்துரு மாறி, கொம்பும் காலும் இடம்பெயரும். பிடிஎப் ஆக அனுப்பி, அச்சு எடுத்து, ர/ற, ன/ண பார்த்து, வீட்டார் இருவர் கையெழுத்திட்ட பிறகே வெட்டச் சொல்ல வேண்டும். கருங்கல்லில் வெட்டியதை அழிக்க முடியாது. பக்கத்திலுள்ள தாத்தாவின் பளிங்குக் கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவும் யோசனையைத் தடுத்துவிட்டோம். தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும்.

பாட்டியம்மா பின்னிய ரேந்தை யார் வீட்டிலாவது இருந்தால், துவைக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். படம் எடுத்துத் திருப்பித் தருவோம்.

இவ்வறிக்கையைச் சங்கத்தின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்