பேலட்டும் விமானத்தின் பாகம்தான்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தம்பிக்கு மீனம்பாக்கம் கார்கோவில் வேலை கிடைத்த சேதியைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூட்டை தூக்குகிற வேலையாச்சே என்று தங்கச்சி கவலைப்படுவதாக எழுதியிருந்தாய். அப்படி இல்லை என்று சொல். அதே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் சொல்கிறேன்.

உங்கள் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு வந்து போகும் ஏடிஆர் என்ற சின்ன விமானத்தில் பெட்டிகளைக் கையால்தான் அடுக்குவார்கள். பெரிய விமானத்துக்கு அப்படி இல்லை. கீழே ஷெட்டிலேயே பேலட் என்கிற தட்டையான தகட்டின் மேலோ கன்டெய்னர் என்கிற பெட்டிக்குள்ளோ சரக்கை அடுக்கி, விமானத்துக்குள் உருளைகள் மேல் தள்ளிக்கொண்டுபோய், தளத்தில் இருக்கும் லாக்கைப் போடுவார்கள். விமானத்தின் வயிற்றுக்குள் போகும் ஏகேஇ என்ற வகை கன்டெய்னரில் ஒரு பக்கம் அடிப்பகுதி சரிவாக இருக்கும். விமானத்தின் உடம்பு அங்கே வளைகிறது அல்லவா, அதற்காக. மொத்த எடை 1,588 கிலோவைத் தாண்டக்கூடாது. பிஎம்சி என்ற வகை பேலட் 318க்கு 244 சென்டிமீட்டர். பார்த்தால் வெறும் அலுமினியத் தகடு, ஆனால் சரக்கோடு சேர்த்து மொத்த எடை 6,804 கிலோ வரை போகலாம். வைக்கும் இடத்தைப் பொறுத்து அது குறையும்.

லாக் விழுந்துவிட்டால் அந்தத் தகடும் விமானத்தின் பாகம்தான். தம்பி இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானே வரும். 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானில் பக்ராமிலிருந்து கிளம்பிய 747 சரக்கு விமானத்தில் ராணுவ வண்டிகளைப் பேலட்டில் கட்டி ஏற்றியிருந்தார்கள். போட்டிருந்த கட்டு அந்தப் பாரத்துக்குப் போதவில்லை. மேலே ஏறும்போதே ஒரு வண்டியாவது பின்னால் நகர்ந்து வால்பகுதிக் கருவிகளை உடைத்துவிட்டது. விமானம் விழுந்து, அதில் இருந்த ஏழு பேரும் போய்விட்டார்கள். அது விழுகிற வீடியோவைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் தம்பியிடம் சொல்: பேலட் கைக்கு வந்ததும் ஓரத்துத் தடத்தில் விரலை ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒரு இடம் நசுங்கியிருந்தாலும் சரக்கை மூடிக் கட்டும் நெட்டின், அதாவது வலையின், கொக்கி அதில் முழுசாக உட்காராது. உட்கார்ந்தால் கொக்கியில் இருக்கும் பின் (சின்ன ஊசி) கீழே இறங்கி டக்கென்று கேட்கும். கேட்காவிட்டால் கழற்றித் திரும்பப் போடவேண்டும். பின்னால் லாரி வரிசை நின்றாலும் சரி, சூப்பர்வைசர் கத்தினாலும் சரி. சின்ன அடிப்பாகத்தில் பெரிய பாரம் வந்தால் அடியில் பலகை கொடுத்து எடையைப் பரப்பவேண்டும். அப்புறம், நம்ம பக்கத்து மீன், நண்டுப் பெட்டிகள் வந்தால் பாலித்தீனை விரித்து ஓரங்களை மேலே மடித்துவிட வேண்டும். உப்புத்தண்ணீர் ஒழுகினால் விமானத்தின் தளத்தையே அரித்துவிடும்.

இங்கே மழை விட்டுவிட்டது. மூட்டுவலி பரவாயில்லை. பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தம்பி வேலையில் சேருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. அவனுக்கு நெட் கட்டும் முறையைக் கயிறு வைத்தே காட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
கோவிந்தன்