அந்தக் கரகரப்புக்கு மணல் மட்டும் காரணமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்காலத்தில் தண்ணீர் மோட்டாரைப் பராமரிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான குறிப்பில், மோட்டாருக்குள் கூழாங்கல் உருள்வது போன்ற சத்தம் கேட்டால் மணல் புகுந்திருக்கிறது என்றும், இம்பெல்லரை (தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இதழ்ச் சக்கரத்தை) உடனே மாற்றிவிட வேண்டும் என்றும் கூறப்பட்டிருந்தது. மணலியில் ஒரு தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் பம்ப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வாறு சத்தமிட்ட பம்புகளை நான் கழற்றிப் பார்த்தபோது, பலவற்றில் மணலே இல்லை, கேவிட்டேஷன் எனப்படும், தண்ணீருக்குள் ஆவிக் குமிழ்கள் பிறந்து நொறுங்கும் கோளாறுதான் இருந்தது.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது இயல்பான வளிமண்டல அழுத்தத்துக்கு மட்டுமே பொருந்தும். அழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்கும். 30 டிகிரியில் இருக்கும் நம் தொட்டித் தண்ணீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 24-இல் ஒரு பங்காகக் குறைந்தால், அடுப்பே இல்லாமல் அது கொதிக்கத் தொடங்கிவிடும். இம்பெல்லருக்குள் தண்ணீர் நுழையும் வாயில்தான் அழுத்தம் மிகக் குறைவு. அங்கே பிறக்கும் ஆவிக் குமிழ்கள் அழுத்தம் மிகுந்த பகுதிக்கு நகர்ந்ததும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மீண்டும் நீராகி, உள்நோக்கி நொறுங்குகின்றன. உலோகத்தை ஒட்டி நொறுங்கும் குமிழுக்குள் நீர் மெல்லிய ஊசியாகப் பாய்ந்து அந்த உலோகத்தைக் குத்துகிறது. கூழாங்கல் சத்தம் அதுதான். (காற்று புகுந்தாலும் மோட்டார் தண்ணீர் ஏற்றாது, ஆனால் காற்றுக் குமிழ் இப்படி மறைந்துபோவதில்லை என்பதால் இரும்பை அரிப்பதில்லை.)

தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் இரண்டு ஆண்டுகளில் மூன்று இம்பெல்லர்கள் மாற்றப்பட்டன. மூன்றாவதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மணல் தேய்த்திருந்தால் பரப்பு வழவழப்பாகி, தண்ணீர் ஓடிய திசையிலேயே வரிகள் விழுந்திருக்கும். இதிலோ இதழ்களின் நுழைவுப் பக்கத்தில் மட்டும் கடற்பஞ்சு போலச் சின்னச் சின்னக் குழிகள். காசிமேட்டில் கரையேற்றிய விசைப்படகுகளின் புரொப்பல்லர்களிலும் இத்தகைய குழிகளைப் பார்த்திருக்கிறேன். கப்பல்காரர்களுக்கு இது பழைய தலைவலி: 1894-இல் சோதனை ஓட்டத்துக்கு விடப்பட்ட பொறியாளர் பார்சன்ஸின் ‘டர்பினியா’ கப்பல் இதனால்தான் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. குமிழ் நொறுங்கும்போது எழும் அழுத்தத்தை 1917-இல் இயற்பியலாளர் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார்.

எங்கள் மோட்டாரில் கோளாறு சக்ஷன் பக்கம், அதாவது தண்ணீரை உறிஞ்சும் பக்கம், இருந்தது. ஒன்றரை அங்குலக் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அங்குலக் குழாய், அதிலும் நான்கு எல்போ (வளைவு இணைப்பு), அடியில் பாசி அடைத்த ஃபுட் வால்வு (உறிஞ்சும் குழாயின் அடிநுனியில் இருக்கும் வால்வு). குழாயை மாற்றி வால்வைச் சுத்தம் செய்தோம். சத்தம் அன்றே நின்றது. கிணற்றிலிருந்து இறைப்பவர்களுக்குக் கோடையில் இன்னொரு தொல்லையும் உண்டு. கணக்குப்படி தண்ணீரை உறிஞ்சி ஏற்றக்கூடிய உயரம் சுமார் 10 மீட்டர்தான், நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டரே கிடைக்கும். எனவே மார்கழியில் அமைதியாக ஓடிய மோட்டார், நீர்மட்டம் இறங்கிய சித்திரையில் கரகரக்கிறது என்றால் குற்றம் இம்பெல்லருடையது அல்ல. மோட்டாரைத் தண்ணீருக்கு அருகே இறக்கி வைக்க வேண்டும். அதுவரை டெலிவரி வால்வை, அதாவது தண்ணீர் வெளியேறும் பக்கத்து வால்வை, சற்றுக் குறைத்து வைத்தால் ஓரளவு தணியும். சக்ஷன் பக்க வால்வை மட்டும் ஒருபோதும் குறைக்கக் கூடாது. பலர் அதைத்தான் முதலில் திருகுகிறார்கள்.

தங்கள் குறிப்பை நம்பிப் புது இம்பெல்லருக்குப் பணம் கொடுக்கும் முன், வாசகர்கள் ஃபுட் வால்வை ஒருமுறை தூக்கிப் பார்க்கும்படி அடுத்த இதழில் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப் பராமரிப்புத் தொழிலாளி,
தண்டையார்பேட்டை, சென்னை.