கடலுக்குப் போனால் மாத்திரை?

ஆசிரியருக்கு,

என் வீட்டுக்காரர் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர். போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலாகும். மூன்று வாரம் இருமினார். உப்புக்காற்று என்று சொல்லி, கட்டஞ்சாயா குடித்தே ஒப்பேற்றினார். சளியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் பரிசோதனைக்கு வந்தார். காசநோய். ஆறு மாதம் தினமும் மாத்திரை, அதுவும் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கியில் விழும் என்றார்கள். சரி, நல்லதுதான்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, உடம்பும் தேறியது. தொழிலுக்குக் கிளம்பும்போது பதினைந்து நாள் மாத்திரைதான் கிடைத்தது. நாற்பது நாளைக்குக் கேட்டேன், முடியாதாம். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காது என்று எழுதி ஒட்டியிருப்பதும் அதே ஆஸ்பத்திரிச் சுவரில்தான்! அவர் கரையில் நின்றுவிட்டார். என் கம்மல் அடகுக்குப் போனது.

பயணத்துக்குத் தேவையான மாத்திரையை எண்ணிக் கொடுங்கள். விழுங்கினாரா என்று படகை ஓட்டும் ஸ்ராங்கு பார்த்துக்கொள்வார். அப்புறம், படகில் அவர் பக்கத்திலேயே படுத்த பத்துப் பேரை இதுவரை யாரும் சோதிக்கவில்லை. ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லாரும் ஊரில்தான் இருப்பார்கள். எக்ஸ்ரே வண்டி அப்போது துறைமுகத்துக்கு வரட்டும்.

ஒரு வாசகி,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்